அந்த இரட்டைப் படமும் பீட்டர் கிரீனும்

சனிக்கிழமையிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிற அந்த இரட்டைப் படத்தைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். இன்று காலை என்னையே டேக் செய்து சிரிப்பான் போட்டிருக்கிறார்கள். சரி, பேசிவிடலாம். இடது பக்கம் சுருள் முடியும் லெஸ் பால் கிட்டாருமாக பிரிட்டிஷ் கிட்டார் கலைஞர் பீட்டர் கிரீன் இளவயதில், வலது பக்கம் உடம்பு பெருத்து, நகம் வளர்ந்து, எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கும் அதே மனிதர், கீழே 'போதை என்ன செய்யும் பாருங்கள்'. லைக் போட்டாயிற்று, அடுத்த மீம்.

அந்த ஆள் வாசித்ததை ஒரு தடவையாவது கேட்டீர்களா ஐயா?

1966-ல் ஜான் மேயாலின் இசைக் குழுவிலிருந்து கிட்டார் வாசித்த எரிக் கிளாப்டன் போனதும் அந்த இடத்துக்கு வந்தபோது பீட்டர் கிரீனுக்கு வயது 19. கிளாப்டனைக் கடவுள் என்று லண்டனில் சுவரில் எழுதிவைத்த காலம், அந்த இடத்தில் போய் நிற்பது என்றால் சும்மாவா? அடுத்த ஆண்டு வந்த 'எ ஹார்டு ரோடு' ஆல்பத்தில் 'தி சூப்பர்நேச்சுரல்' என்று ஒன்று இருக்கிறது, பாட்டு கிடையாது, கிட்டார் மட்டும்தான் பேசும். ஒரே சுரத்தைப் பிடித்து, எங்கே அறுந்துவிடுமோ என்று நாம் பதறும்வரை நிறுத்தி வைப்பார். வேகமாக வாசிக்கத் தெரியாமல் இல்லை, வேண்டாம் என்று விட்டார். சொந்தக் குழுவுக்குக்கூடத் தன் பெயரை வைக்காமல் டிரம்மர் ஃப்ளீட்வுட், பாஸ் வாசித்த மெக்வி இருவர் பெயரையும் சேர்த்து ஃப்ளீட்வுட் மேக் என்று வைத்தவர். 'பிளாக் மேஜிக் வுமன்' சாந்தானா குழுவின் பாட்டு என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு: எழுதியது இவர். இவர் எழுதிய 'அல்பட்ராஸ்' 1969 தொடக்கத்தில் பிரிட்டனில் முதலிடம். கேட்டுவிட்டு வாருங்கள், அப்புறம் மீம் போடலாம்.

"அவரே எல்.எஸ்.டி. என்ற போதை மருந்தைப் போட்டுத்தானே கெட்டுப்போனார்?" போட்டார். யார் இல்லை என்றது? 1970-ல் மியூனிக்கில் ஒரு விருந்தில் அதைப் போட்டதை எல்லாரும் எழுதிவிட்டார்கள். ஆனால் அவருக்கு ஸ்கிசோஃப்ரீனியா, அதாவது மனச்சிதைவு நோய் என்று மருத்துவர்கள் சொன்னார்கள், மருத்துவமனையில் வைத்து மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். நீங்கள் சிரித்தது ஒரு நோயாளியைப் பார்த்து.

என் சித்தப்பா புல்லாங்குழல் வாசிப்பார். எந்தப் பழக்கமும் கிடையாது, காபிகூடக் குடிக்க மாட்டார். அவருக்கும் இதே நோய்தான். மாத்திரையில் உடம்பு போட்டது, கை நடுங்கியது. விசேஷ வீடுகளில் பையன்கள் அவர் கையில் குழலைத் திணித்து, "சித்தப்பா, ஒரு மோகனம்" என்பார்கள், அவரும் வேட்டியில் துடைத்துவிட்டு வாசிப்பார், இவர்கள் தூண் மறைவில் நின்று சிரிப்பார்கள். ஏன்டா இப்படி என்று கேட்டால், சும்மா ஜாலிக்கு. சில நாள் நன்றாகவே வாசித்தார், அதைக் கேட்கத்தான் யாரும் நிற்கவில்லை.

"பிழைக்கத் தெரியாதவர், அவர் போன பிறகுதான் குழு கோடிகளைப் பார்த்தது" என்று இன்னொருவர். பார்த்தது, சந்தோஷம். பணத்தைத் தானமாகக் கொடுத்துவிடலாம் என்று அதே குழுவிடம் மல்லுக்கட்டியவரை உங்கள் வங்கிக் கணக்கை வைத்து அளக்காதீர்கள்.

"போதைக்கு எதிரான விழிப்புணர்வுதானே, தப்பா?" விழிப்புணர்வு என்றால் எதற்குச் சிரிப்பான்? உங்கள் வீட்டில் ஒருவருக்கு வந்தால் படம் எடுத்துப் போடுவீர்களா?

அந்த மனிதர் திரும்பி வந்தார், தெரியுமா? 1990-களின் பிற்பாதியில் ஸ்ப்ளிண்டர் குரூப் என்ற குழுவோடு மேடை ஏறினார். 1998-ல் பழைய அமெரிக்கப் பாடகர் ராபர்ட் ஜான்சனின் பாடல்களுக்கென்றே ஓர் ஆல்பம். விரல்களில் பழைய வேகம் இல்லை, குரல் தேய்ந்திருந்தது, ஆனாலும் உட்கார்ந்து வாசித்தார். 2020 ஜூலையில் 73 வயதில் இறந்தார். அந்த மேடைப் படங்களும் இணையத்தில் கிடக்கின்றன, தேடிப் போட யாருக்கும் கை வரவில்லை. டேக் செய்த தம்பியை பிளாக் செய்துவிட்டேன், கமெண்டில் வந்து சமாதானம் பேச வேண்டாம்.