ஜாக்கிக்காக கட்டுன கப்பலா? இல்லைங்க

"ஜாக்கி கென்னடிய கல்யாணம் பண்ண ஒனாசிஸ் 1968ல புதுசா கட்டுன சொகுசுக் கப்பல்"னு கிறிஸ்டினாங்கிற கப்பலோட போட்டோவப் போட்டு ஒரு ஃபார்வர்டு சுத்துது. (ஜாக்கி, அமெரிக்க அதிபர் கென்னடியோட மனைவியா இருந்தவங்க; ஒனாசிஸ், கிரேக்க கப்பல் முதலாளி.) தப்பு. கல்யாண விருந்து அதுல நடந்தது உண்மைதான், ஆனா அது 1943ல மாண்ட்ரியல்ல கடல்ல இறக்குன கனடா போர்க்கப்பல், அப்போ பேரு ஸ்டார்மான்ட். ரிவர் வகை ஃப்ரிகேட், அதாவது சரக்குக் கப்பல் கூட்டத்துக்கு காவலா போயி ஜெர்மன் நீர்மூழ்கிய விரட்டுற வேலை, இரண்டாம் உலகப் போர்ல நேச நாட்டுப் படைங்க 1944ல பிரான்ஸோட நார்மண்டி கரைல இறங்குனப்பவும் இருந்துச்சு.

போர் முடிஞ்சதும் யாருக்கும் வேண்டாம்னு கிடந்தத ஒனாசிஸ் சும்மா 34,000 டாலருக்கு, பழைய இரும்பு விலைன்னே சொல்லலாம், வாங்கி ஜெர்மனில கீல் ஊர்ல 40 லட்சம் டாலர் கொட்டி 1954ல மாத்துனாரு. கிறிஸ்டினாங்கிறது அவரு மக பேருங்க, ஜாக்கிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல! நீச்சல் குளத்தோட மொசைக் தரை இருக்கே, தண்ணிய வடிச்சுட்டு அப்படியே மேல தூக்குனா டான்ஸ் ஃப்ளோர் ஆயிடும். சர்ச்சில்லாம் விருந்தாளியா வந்து போனது கல்யாணத்துக்கு ரொம்ப முன்னாடியே.

1975ல ஒனாசிஸ் செத்ததும் மக அத கிரீஸ் அரசுக்கே குடுத்துட்டாங்க, அங்க ஆர்கோன்னு பேரு மாறிச்சு. இப்போ கிறிஸ்டினா ஓ, வாடகைக்கு விடுறாங்க.