பதினோரு வருஷ அக்காவுக்கு ஒரு சால்வை

எங்க ஏரியா சூப்பர் மார்க்கெட்காரங்க போன ஞாயித்துக்கிழமை 6வது கிளை திறந்தாங்க. வாழமரம், சீரியல் பல்பு, ஸ்பீக்கர்ல நாதஸ்வரம், உள்ள நுழையறவங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு ரோஸ்மில்க்னு ஒரே ஜேஜேன்னு இருந்துச்சு. அதுல எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம், முதல் கடையில இருந்தே கூட இருக்கற ஸ்டாஃப் ஏழு பேர மேடையேத்தி சால்வை போட்டு ஷீல்டு குடுத்தது. அந்த ஏழு பேர்ல மளிகை செக்‌ஷன் அக்காவும் ஒருத்தங்க, பதினோரு வருஷமா அங்கயே இருக்காங்க. எந்த உளுந்து நல்லா உபரி காணும், எந்த மூட்டை புளி பழசு, எந்த வீட்டு பாட்டிக்கு சர்க்கரை, யாரு மாசக் கடைசியில எண்ணெய் அரை லிட்டர் பாக்கெட்டா வாங்குவாங்க, அத்தனையும் அவங்களுக்கு அத்துப்படி. கம்ப்யூட்டர்ல ஸ்டாக் இருக்குன்னு காட்டும், அக்கா இல்லம்பாங்க, போய் பார்த்தா அக்கா சொன்னதுதான் சரியா இருக்கும்.

ஷீல்ட வாங்கினப்ப அக்கா அழுதுட்டாங்க, நானும் கை வலிக்க தட்டினேன், அதுல ஒண்ணும் பொய் இல்ல. அப்புறம் ஓனர் மைக்க வாங்கி "இவங்கெல்லாம் ஸ்டாஃப் இல்லங்க, எங்க குடும்பம்"னாரு. நல்ல மனுஷன்தான், நான் கெட்டவர்னு சொல்ல வரல. ஆனா குடும்பம்னு சொன்னா நம்ம ஊர்ல அடுத்த கேள்வி என்ன? பாகம் எவ்வளவுங்கறதுதானே! ஆறு கடை ஆயிருச்சு, அதுல அக்காவோட பாகம் ஒரு சால்வையும் ஒரு ஷீல்டுமா?

இத நான் வெளிய நின்னு பேசல. டிகிரி முடிச்சுட்டு வேலை கிடைக்காம சும்மா இருந்தப்ப 14 மாசம் ஒரு டிபார்ட்மென்டல் ஸ்டோர்ல பில்லிங்ல இருந்தேன், எந்த கடைன்னு வேண்டாம் விடுங்க. காலைல ஒன்பதரைக்கு நின்னா ராத்திரி ஒன்பது வரைக்கும் நிக்கணும், கவுன்டர்ல லேசா சாஞ்சாலே சிசிடிவில பார்த்துட்டு மேல இருந்து சூப்பர்வைசருக்கு போன் வரும். பண்டிகை நேரத்துல வீக் ஆஃப் கேன்சல். ராத்திரி கேஷ் முடிக்கறப்ப 340 ரூபா ஷார்ட்டேஜ்னு ஒரு தடவை சம்பளத்துல பிடிச்சாங்க, அன்னைக்கு பஸ்ல அழுதுட்டே போனது இன்னும் ஞாபகம் இருக்கு. அந்த கடையும் அப்ப வளர்ந்துக்கிட்டுதான் இருந்துச்சு, நான் இருந்த காலத்துலயே ரெண்டு கிளை திறந்தாங்க. எங்களுக்கு அதுல கிடைச்சது ஆளுக்கொரு லட்டு.

சரி, பாகம்னா என்ன, அதெல்லாம் நடக்கற காரியமான்னு கேப்பீங்க. நடக்கும், நான் கண்ணால பார்த்தேன். அண்ணிக்கு பிரசவம்னு அம்மாவோட நானும் அமெரிக்கா போயிருந்தேன், அண்ணன் இருக்கறது ஃபுளோரிடா தாம்பாவுல. அங்க எங்க திரும்பினாலும் பப்ளிக்ஸ்னு ஒரு சூப்பர் மார்க்கெட். வாசல்லயே பெரிய எடை மெஷின் ஒண்ணு நிக்குது, ரயில்வே ஸ்டேஷன்ல இருக்குமே அந்த மாதிரி, ஆனா காசு போட வேண்டாம். அம்மா போறப்பல்லாம் ஏறி நின்னு பார்த்துட்டு "இது தப்பா காட்டுது"ன்னு சொல்லிட்டு இறங்குவாங்க. முதல் நாள் பில் போட்டதும் எழுபது வயசு இருக்கும் ஒரு தாத்தா, அந்த கடை ஸ்டாஃப்தான், சாமானெல்லாம் பையில அடுக்கி ட்ராலிய தள்ளிக்கிட்டு கார் வரைக்கும் வந்து டிக்கில வெச்சாரு. அம்மாவுக்கு மனசு கேக்கல, அஞ்சு டாலர நீட்டினாங்க, அவர் சிரிச்சுக்கிட்டே வேண்டாம்னுட்டாரு. டிப்ஸ் வாங்கக்கூடாதுங்கறது அங்க ரூல்னு அண்ணன் அப்புறம்தான் சொன்னான், கூடவே "அந்த தாத்தாவுக்கே இந்த கம்பெனில ஷேர் இருக்கும்"னான். நான் சும்மா சொல்றான்னு நெனச்சேன்.

சும்மா இல்ல. அந்த கம்பெனி ஷேர் பொது மார்க்கெட்லயே கிடையாது, நீங்களோ நானோ வாங்கவே முடியாது. அங்க வேலை பார்க்கறவங்களும் டைரக்டர்களும்தான் வாங்கலாம். வாங்கறது தனி, அதுக்கு மேல வருஷத்துக்கு ஆயிரம் மணி நேரம் வேலை பார்த்தவங்களுக்கு கம்பெனியே ஷேர் ஒதுக்கி கணக்குல சேர்க்குது. கம்பெனில பெரும்பகுதி ஸ்டாஃப் கையில, மிச்சம் ஆரம்பிச்சவரோட குடும்பத்துக்கிட்ட. குட்டியூண்டு கடைன்னு நெனைக்காதீங்க, எட்டு மாநிலத்துல 1,400 கடைக்கு மேல, ரெண்டரை லட்சம் பேருக்கு மேல வேலை பார்க்கறாங்க, அமெரிக்காவுலயே ஊழியர்கள் சொந்தமா வெச்சிருக்கற கம்பெனிகள்ல பெருசு இதுதான்.

ஆரம்பிச்ச கதை இன்னும் சுவாரசியம். ஜார்ஜ் ஜென்கின்ஸ்னு ஒருத்தர், பிக்லி விக்லிங்கற கடையில மேனேஜரா இருந்தாரு (பேரு காமெடியா இருந்தாலும் ஜனங்களே ரேக்ல இருந்து சாமான் எடுத்துக்கற முறைய கொண்டு வந்ததே அந்த கடைதான்). அந்த கம்பெனி கை மாறுது, புது ஓனர பார்த்து கடையைப் பத்தி நாலு வார்த்தை பேசலாம்னு இவரு ஃபுளோரிடாவுல இருந்து அட்லாண்டா வரைக்கும் கார ஓட்டிக்கிட்டு போறாரு. முக்கியமான மீட்டிங்ல இருக்கார், பார்க்க முடியாதுன்னு வெளிய உக்கார வெச்சுட்டாங்க. உள்ள இருந்து பேச்சு கேக்குது, என்ன மீட்டிங்? கோல்ஃப் விளையாட்டு பத்தி அரட்டை! மனுஷன் திரும்பி வந்தாரு, வேலைய விட்டாரு, 1930 செப்டம்பர்ல ஃபுளோரிடாவுல வின்டர் ஹேவன்ங்கற ஊர்ல அதே பழைய கடைக்கு பக்கத்துலயே சொந்த கடைய போட்டாரு. வயசு 22. நாடே பொருளாதார மந்தத்துல கிடந்த நேரம். பேரு கூட யோசிச்சு வெச்சதில்ல, மூடிக்கிட்டு வந்த ஒரு தியேட்டர் கம்பெனியோட பேரு காதுக்கு நல்லா இருக்குன்னு எடுத்து வெச்சுக்கிட்டாரு.

ஷேர் விஷயமும் ஆரம்பத்துலயே தொடங்கிருச்சு. ஷேர் வாங்குங்கன்னா ஸ்டாஃப்கிட்ட ஏது காசு? அதனால வாரத்துக்கு ரெண்டு டாலர் சம்பளத்த ஏத்தி, அந்த ரெண்டு டாலர அப்படியே பிடிச்சு ஷேர் கணக்குல போட்டாராம். நம்ம ஊர் சீட்டு பிடிக்கற மாதிரிதான், ஆனா சீட்டுக்காசையும் ஓனரே போடுறாரு! முதலாளிகிட்ட போய் வாசல்ல காத்துக் கிடந்தவனுக்குத்தான் இப்படி ஒரு யோசனை வரும்னு எனக்கு தோணுது.

இன்னொண்ணு, அங்க பெரிய பதவிக்கு ஆள வெளிய தேடறது கம்மி, உள்ளயே வளர்த்து விடுறாங்க. 2016ல அந்த குடும்பத்துக்கு வெளிய இருந்து முதல் தடவையா தலைமைக்கு வந்த டாட் ஜோன்ஸ், 1980ல அங்க பை கட்டுற பையனா சேர்ந்தவர். அவருக்கு அப்புறம் 2024ல வந்த கெவின் மர்ஃபியும் 1984ல அதே மாதிரி கவுன்டர்ல பை கட்ட சேர்ந்தவர்தான். நம்ம கடை பேக்கிங் பையன் ஒரு நாள் 1,400 கடைக்கு தலைவன் ஆவான்னு சொன்னா அந்த பையனே சிரிப்பான். மளிகை அக்காவ எடுத்துக்கங்க, பதினோரு வருஷத்துல அவங்களுக்கு மேல எத்தனை மேனேஜர் வந்து போயிருப்பாங்க, அத்தனை பேருக்கும் வேலை கத்துக் குடுத்ததே அக்காதான், ஒரு தடவை கூட "நீயே மேனேஜரா இரும்மா"ன்னு யாருக்கும் தோணல. கேட்டா படிப்பு பத்தாதுங்கறாங்க. வெளிய இருந்து வந்த எம்பிஏ தம்பி ஒருத்தர் பச்சைப்பயறையும் தட்டைப்பயறையும் மாத்தி லேபிள் ஒட்டினது எங்க ஏரியாவுக்கே தெரியும்.

அங்க எல்லாம் சொர்க்கம்னு அடிச்சு விட மாட்டேன். பொம்பளைங்கள கேஷ் கவுன்டர், பேக்கரின்னு நிறுத்தியே வெச்சுட்டு பதவி உயர்வு தராம ஓரங்கட்டினாங்கன்னு அந்த பப்ளிக்ஸ் மேலயே பெரிய வழக்கு வந்துச்சு, 1997ல 81.5 மில்லியன் டாலர் தர்றதா ஒத்துக்கிட்டு சமரசம் பண்ணாங்க. ஆக ஷேர் குடுத்தா மட்டும் எல்லாம் சரியாயிராது, பை கட்டுற பையன் மேல போற ஏணில பில் போடுற பொண்ணுக்கும் இடம் இருக்கணும். கேஷியருங்க அங்கயும் நின்னுக்கிட்டேதான் பில் போடுறாங்க, அதையும் பார்த்தேன்.

நிக்கற விஷயத்துல நம்ம பக்கம் என்ன நடந்துச்சு தெரியுமா? கோழிக்கோட்டுல கடைகள்ல வேலை பார்த்த பெண்கள் முதல்ல பாத்ரூமுக்காகவும் அப்புறம் உக்கார்றதுக்காகவும் போராடி, 2018ல கேரளாவுல சட்டமே வந்துச்சு. அடுத்து 2021 செப்டம்பர்ல நம்ம சட்டசபையிலயும் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்துல திருத்தம் கொண்டு வந்தாங்க, வேலை பார்க்கறவங்களுக்கு உக்கார இடம் குடுக்கணும், வேலை நேரம் பூரா நிக்க வைக்கக்கூடாதுன்னு. அந்த செய்திய படிச்சப்ப எனக்கு முட்டி வலிக்கு யாரோ தைலம் தேய்ச்ச மாதிரி இருந்துச்சு. ஓனர் நம்ம நண்பர்தான், அதனால உரிமையோட சொல்றேன், அடுத்த கிளைக்கு பூஜை போடுறதுக்கு முன்னாடி மூணு விஷயம் பாருங்க சார். பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாருக்கும் ஒழுங்கா போகுதா, லாபத்துல பழைய ஸ்டாஃப்புக்கு வருஷா வருஷம் ஒரு சதவீதமாவது எழுத முடியுமா, 7வது கடைக்கு அக்காவ மேனேஜரா போட முடியுமா. ஷேர் கீர்னு பெருசா கூட வேண்டாம், இதுல ஆரம்பிங்க.

நேத்து சாயங்காலம் பால் வாங்க போனேன். ஷீல்ட எங்கக்கா வெச்சீங்கன்னு கேட்டேன், டிவி மேலயாம், பேத்தி எடுத்து எடுத்து விளையாடுதாம். பேசிக்கிட்டே பில்லிங் பக்கம் வந்தோம், புது கடைக்கு நாலு பேர அனுப்பினதால அக்காதான் இப்ப சாயங்காலம் பில்லிங்கும் பார்க்கறாங்க. கவுன்டருக்கு பின்னாடி புது ஸ்டூல் ஒண்ணு இருந்துச்சு, பரவாயில்லையே ஸ்டூல் போட்டுட்டாங்களேன்னேன். அக்கா திரும்பி பார்த்துட்டு "அதுவா, ஆபீசர் வந்து பார்த்தா காட்டணும்ல"ன்னாங்க. ஸ்டூல் மேல கேரி பேக் கட்டு இடுப்பு உயரத்துக்கு அடுக்கி இருந்துச்சு.