பாடத்தின் பெயரை வைத்துப் பிள்ளையை எடை போடாதீர்கள்

பதினாறு வயதுக்குப் பிறகு எந்தப் பாடம் எடுப்பது என்று இங்கிலாந்தில் இருக்கும் நம் பிள்ளைகளுக்காக ஞாயிற்றுக்கிழமை வைத்த வழிகாட்டல் கூட்டத்தில் நடந்தது இங்கே பலருக்குத் தெரியும். நேரில் இருந்தீர்கள், இல்லாவிட்டால் வாட்ஸ்அப்பில் வீடியோ பார்த்திருப்பீர்கள். "ஐ.டி. எடுக்கிறது கணக்கு ஓடாத பிள்ளைகள்தானே" என்று பேச வந்த பெரியவர் மேடையில் சொன்னதும் மண்டபம் முழுக்கச் சிரித்தது. வீடியோவில் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். சிக்ஸ்த் ஃபார்ம் கல்லூரிக்கு (பதினாறு வயதுக்குப் பிறகு இரண்டு வருடம் படிக்கும் இடம்) ஐ.டி.க்குத்தான் விண்ணப்பித்திருந்த ஒரு பொடியன் எனக்கு முன்வரிசையில் தாயோடு இருந்தான். சிரிப்பு அடங்குகிற வரைக்கும் அவன் நிமிரவேயில்லை. நான் எழுந்து நின்று, இப்படிச் சொல்வது சரியா என்று கேட்டேன்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். பாடத்தின் பெயரைப் பார்க்காதீர்கள். அந்த வகுப்பில் இரண்டு வருடம் உங்கள் பிள்ளை என்ன செய்யப்போகிறது என்று பாருங்கள்.

ஏ லெவல் (பல்கலைக்கழகத்துக்கு முந்திய இரண்டு வருடப் படிப்பு) கம்ப்யூட்டர் சயன்ஸ் நல்ல பாடம். ஆனால் "மகன் எந்த நேரமும் கம்ப்யூட்டரோடதான்" என்பது அதை எடுப்பதற்குக் காரணம் ஆகாது. தேர்வுச் சபை ஏ.கியூ.ஏ., ஓ.சி.ஆர். எதுவானாலும் 80 சதவீதப் புள்ளிகள் இரண்டு சோதனைகளுக்குப் போகின்றன. மீதி 20 சதவீதம் பிள்ளை தானாக எழுதி முடிக்கும் ஒரு புரொஜெக்ட். பூலியன் அல்ஜீப்ரா (உண்மை, பொய் இரண்டை மட்டும் வைத்துச் செய்யும் கணக்கு), தசம எண்களை பைனரியில் (0, 1 மட்டும் வைத்து) எழுதுவது, ஒரு அல்கோரிதம் (ஒரு வேலையைச் செய்யும் படிமுறை) எவ்வளவு நேரம் எடுக்கும் என்று கணிப்பது, இதெல்லாம் தாளும் பேனையுமாக உட்கார்ந்து யோசிக்கிற வேலை. அது பிடித்த பிள்ளைக்கு விருந்து, பிடிக்காத பிள்ளைக்கு இரண்டு வருடச் சிறை.

எலக்ட்ரோனிக்ஸைப் பற்றி அன்றைக்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை. இங்கிலாந்தில் ஏ லெவல் எலக்ட்ரோனிக்ஸ் நடத்துவது இப்போது எடுக்காஸ் தேர்வுச் சபை மட்டும்தான். சொல்லிக்கொடுக்கும் கல்லூரிகளும் மிகக் குறைவு. என் தங்கையின் மகள் அதற்காக இரண்டு பஸ் மாறிப் போனாள். லொஜிக் கேட், ஆம்ப்ளிஃபயர், மைக்ரோகன்ட்ரோலருக்குப் புரோகிராம் எழுதுவது என்று அவள் வீட்டு மேசையில் எப்போதும் வயர் கிடக்கும். "ரேடியோ திருத்தப் போறியா பிள்ளை?" என்று சொந்தக்காரர் கேட்டார்கள். கணக்கும் பௌதிகமும் சேர்த்து எடுத்திருந்தாள், இப்போது எலக்ட்ரிக்கல் எஞ்சினியரிங் படிக்கிறாள். கேட்டவர்கள் இப்போது அந்தக் கேள்வியை மறந்துவிட்டார்கள். அவள் மறக்கவில்லை.

சரி, ஐ.டி.க்கு வருகிறேன். இந்த இளக்காரம் எங்கிருந்து வந்தது என்றும் எனக்குத் தெரியும். ஒரு காலத்தில் பள்ளிகளில் ஐ.சி.டி. என்று வேர்டும் எக்செல்லும் படிப்பித்தார்கள். பிள்ளைகள் சலித்துப்போகிறார்கள் என்று அப்போதைய கல்வி அமைச்சர் மைக்கேல் கோவ் 2012இல் சொன்னார். 2014 செப்டம்பரில் அதன் இடத்துக்குக் கம்ப்யூட்டிங் வந்தது. நம் ஆட்கள் இன்னும் அந்தப் பழைய பாடத்தை நினைத்துக்கொண்டு பேசுகிறார்கள். இன்றைக்குக் கல்லூரிகளில் ஐ.டி. என்றால் பெரும்பாலும் பியர்சன் தேர்வுச் சபை நடத்தும் பீடெக் என்ற தொழில்சார்ந்த படிப்புத்தான். அந்த பீடெக் ஐ.டி.யில் டேட்டாபேஸ் வடிவமைக்க வேண்டும், கணினி அமைப்புகள் பற்றிய எழுத்துச் சோதனையும் உண்டு. ஒரு ஏ லெவலுக்குச் சமமான பீடெக்கில் ஆகக் கூடிய தரமான டிஸ்டிங்ஷன் ஸ்டார் எடுத்தால் பல்கலைக்கழக விண்ணப்பத்துக்குக் கணக்கிடும் யூகாஸ் புள்ளி 56. ஏ லெவலின் ஆகக் கூடிய தரமான ஏ ஸ்டாருக்கும் அதே 56தான். 2020இல் தொடங்கிய டீ லெவல் என்ற தொழிற்கல்விப் படிப்பில் குறைந்தது 315 மணி நேரம் உண்மையான ஒரு நிறுவனத்தோடு வேலை செய்ய வேண்டும். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

"அண்ணை, பீடெக் எடுத்தால் நல்ல கம்பஸ் கிடைக்காதே" என்று கீழே எழுதப்போகிறீர்கள், தெரியும். சில இடங்களில் கிடைக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதை முழுதாகச் சொல்லுங்கள். கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்ட், இம்பீரியல் மூன்றுமே கம்ப்யூட்டர் சயன்ஸ் பட்டத்துக்குக் கட்டாயமாகக் கேட்பது ஏ லெவல் கணக்கை. ஏ லெவல் கம்ப்யூட்டர் சயன்ஸைக் கட்டாயம் என்று கேட்பதில்லை. கணக்கை விட்டுவிட்டு கம்ப்யூட்டர் சயன்ஸை மட்டும் எடுத்த பிள்ளைக்கு அந்தக் கதவு திறக்காது. மேடையில் சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான். ஒரு மணி நேரப் பேச்சில் இது வரவேயில்லை, பகிடிக்கு மட்டும் நேரம் இருந்தது.

"ஏஐ வந்துவிட்டது, இனி இதெல்லாம் எதற்கு?" என்பவர்களோடு நான் வாதாடப்போவதில்லை. பதினாறு வயதுப் பிள்ளை செப்டம்பரில் ஏதோ ஒரு வகுப்பில் போய் உட்காரத்தான் வேண்டும்.

"உனக்கேன் இவ்வளவு கோபம்?" என்று இன்பொக்ஸில் ஒருவர் கேட்டார். என் மூத்தவன் பீடெக் ஐ.டி. படித்தவன். எழுத்துச் சோதனை என்றால் கை நடுங்கும் அவனுக்கு. ஆனால் ஒரு வேலையைக் கொடுத்து செய்து காட்டச் சொன்னால் விடிய விடிய இருந்து முடிப்பான். இரண்டு வருடத்தில் அவன் நிமிர்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அப்ரெண்டிஸ்ஷிப் (சம்பளத்தோடு தொழில் பழகும் பயிற்சி) செய்து இன்றைக்கு ஒரு ஆஸ்பத்திரியின் ஐ.டி. பிரிவில் வேலை செய்கிறான். ஆனால் அந்த இரண்டு வருடமும் கோயிலிலும் கலியாண வீட்டிலும் "என்ன பாடம் தம்பி?" என்று யாராவது கேட்டால் "கம்ப்யூட்டர்" என்று மட்டும் சொல்லிவிட்டு நழுவிவிடுவான். தன் பாடத்தின் பெயரைச் சொல்ல என் பிள்ளை கூச்சப்பட்டான். அந்தக் கூச்சத்தை அவனுக்குக் கொடுத்தது கல்லூரி இல்லை. நாங்கள்தான், எங்கள் சனம்தான். ஞாயிற்றுக்கிழமை அதே சிரிப்பை மண்டபம் நிறையக் கேட்டேன்.

சபையில் பெரியவர்களைத் திருத்தக்கூடாது, எழுந்து நின்று கேட்டது மரியாதை இல்லை என்று எனக்குப் புத்தி சொல்கிறார்கள். ஒரு பிள்ளையைச் சபையில் குறுக வைப்பது மட்டும் மரியாதையா? அதற்கு ஏன் ஒருவரும் புத்தி சொல்லவில்லை?

ஏற்பாட்டாளர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அடுத்த கூட்டத்துக்கு இந்தப் பாடங்களைப் படித்த பிள்ளைகளையே கூப்பிட்டு மேடையில் பேச விடுங்கள். என் மகனும் எலக்ட்ரோனிக்ஸ் படித்த என் தங்கையின் மகளும் வருவதாகச் சொல்லிவிட்டார்கள். அதற்கு முன்னால் அந்தப் பொடியனின் தாய்க்கு ஒரு போன் எடுங்கள். வருகைப் பதிவில் அவருடைய நம்பர் இருக்கிறது.