வாலை நறுக்கிய கதை

கதிர்: அக்கா, என் சி நிரலை இயந்திர மொழிக்கு மாற்றித் தரும் இந்தக் கம்பைலர் ஏன் திடீரென்று புலம்புகிறது? 'மொத்தம்' என்ற வேரியபிளுக்கு மதிப்பு வைக்காமலே பயன்படுத்தியிருக்கலாமாம். இருக்கலாமாம்! விசாரித்துவிட்டு வந்து சொல்ல வேண்டியதுதானே?

மீனா: நேற்று வரைக்கும் சும்மாதானே இருந்தது? என்ன மாற்றினாய்?

கதிர்: ரிலீஸுக்காக, நிரலை வேகமாக்கச் சொல்லும் மைனஸ் ஓ2 (-O2) போட்டேன். அவ்வளவுதான்.

மீனா: அதுதான். உன் கம்பைலர் ஜிசிசி அந்த 'இருக்கலாம்' எச்சரிக்கையை இப்படி வேகமாக்கும் ஆப்டிமைசேஷன் போட்டால்தான் தரும். அது இல்லாத ஓ0-வில் படிக்காமலே கையெழுத்துப் போடுகிற ஆள் அது. சரி, மதிப்பு எங்கே வைத்தாய்?

கதிர்: இஃப் நிபந்தனைக்குள் ஒன்று, எல்ஸ்-இஃப் நிபந்தனைக்குள் ஒன்று.

மீனா: இரண்டிலும் நுழையாவிட்டால்?

கதிர்: அதெல்லாம் நடக்காது அக்கா. நானும் வாலை நறுக்கிவிட்டேன்.

மீனா: எந்த வாலை?

கதிர்: மைனஸ் வால் (-Wall), எச்சரிக்கைகளைக் காட்டச் சொல்லும் ஆப்ஷன். எடுத்ததும் ஒரே அமைதி. மொத்தம் மட்டும் 32767 என்று வருகிறது.

மீனா: அமைதியின் லட்சணம்! ஸ்டாக் என்கிற தற்காலிக நினைவகத்தில் பழைய முகவரி ஏதாவது கிடந்திருக்கும், அதில் மேல் பாதியை எடுத்து உனக்குக் கொடுத்திருக்கிறது.

கதிர்: நடுவில், திரையில் அச்சிடும் ஒரு பிரிண்ட்எஃப் போட்டால் சரியாக வருகிறதே. அதனால் அதை அப்படியே விட்டுவைத்திருக்கிறேன்.

(மீனா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைக்கிறார். நல்ல அறிகுறி இல்லை.)

கதிர்: அதை விடுங்கள். பாஸ்வேர்டை அழிக்க, அது இருந்த பஃபரை, அதாவது நினைவக இடத்தை, பூஜ்யத்தால் நிரப்ப ஃபங்ஷன் கடைசியில் மெம்செட் வைத்திருந்தேன். கம்பைலர் தந்த அசெம்ப்ளியில் தேடினால் ஆளையே காணோம்!

மீனா: அதற்கப்புறம் அந்த பஃபரை யார் படிக்கிறார்கள்?

கதிர்: யாரும் இல்லை.

மீனா: அப்படியானால் யாருக்காகத் துடைக்க வேண்டும் என்று கம்பைலர் தூக்கிவிட்டது. நிரலின் வெளிப்பார்வைக்கு எதுவும் மாறவில்லையே. சி மொழியின் விதி அதற்கு இடம் கொடுக்கிறது.

கதிர்: நான் செய்யாததற்கு ஊரைக் கூட்டியது. தான் செய்ததற்கு மூச்சு விடவில்லையே!

மீனா: இதற்கென்றே 2017-இல் லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சி 2.25-இல் எக்ஸ்ப்ளிசிட்_பிஸீரோ வந்தது. சி மொழியின் சி23 தரத்தில் மெம்செட்_எக்ஸ்ப்ளிசிட் இருக்கிறது. அதைக் கூப்பிடு, தூக்காது. முதலில் வாலைத் திரும்ப ஒட்டு.

(கதிர் தட்டுகிறான். இரண்டு நிமிடம்.)

கதிர்: முடிந்தது! 'மொத்தம்' இப்போது பூஜ்யத்தில் தொடங்குகிறது. ஒரு எச்சரிக்கையும் இல்லை.

மீனா: இஃப்பிலும் நுழையாமல் எல்ஸ்-இஃப்பிலும் நுழையாமல் வந்தால், பூஜ்யம்தான் சரியான விடையா?

கதிர்: அதைக் கம்பைலர் கேட்கவில்லையே அக்கா.