காற்புள்ளியை விடுங்க, கேள்விக்குப் பதில் சொல்லுங்க

போதைப்பொருள் தடை சரியா தவறா என்று ஒரு பேச்சு ஆங்கிலத்தில் தொடங்கினால் போதும், எங்கிருந்தோ ஒரு இலக்கண வாத்தியார் முளைத்துவிடுகிறார். "1920இல் அமெரிக்கா மதுவைத் தடை செய்ததே, அதனால் குற்றங்கள் குறைந்தனவா?" என்று, குறைவுக்கு 'லெஸ்' என்ற சொல்லைப் போட்டு ஒருவர் கேட்கிறார். நியாயமான கேள்வி. வருகிற பதில் என்ன தெரியுமா? "லெஸ் கிரைம்ஸ் என்று சொல்லக் கூடாது, ஃபியூவர் கிரைம்ஸ். எண்ணக்கூடியதற்கு ஃபியூவர்தான்."

அவ்வளவுதான். கேட்டவர் மன்னிப்புக் கேட்கிறார், வேறு இருவர் அந்த விதியை விளக்க வருகிறார்கள், கேள்வி அனாதையாகக் கிடக்கிறது.

அந்த விதியாவது ஆகாயத்திலிருந்து இறங்கியதா என்றால் அதுவும் இல்லை. 1770இல் ராபர்ட் பேக்கர் என்பவர், எண்ணக்கூடியவற்றுக்கு ஃபியூவர் வருவதே தமக்கு நயமாகப் படுகிறது என்று எழுதினார். ஒரு தனி மனிதரின் ரசனை, அவ்வளவே. அதற்கு முன் பல நூற்றாண்டுகளாக எண்ணக்கூடியதற்கும் எண்ண முடியாததற்கும் லெஸ் என்றே எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆங்கில வாக்கியத்தை 'டு', 'ஆஃப்' போன்ற முன்னிடைச் சொல்லில் முடிக்காதே என்கிறார்களே, அதுவும் இதே கதைதான். 1762இல் இலக்கணம் எழுதிய பாதிரியார் ராபர்ட் லோத், அப்படி முடிப்பது பேச்சு நடைக்குப் பொருந்தும், கம்பீரமான நடைக்கு அந்தச் சொல்லை முன்னே வைப்பதே நல்லது என்றார். அதைச் சொன்ன இடத்திலேயே ஒரு வாக்கியத்தை அப்படித்தான் முடித்தும் வைத்தார். மனிதருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்கிறது. பின்னால் வந்தவர்களுக்குத்தான் இல்லை, பிரம்பை எடுத்துக்கொண்டார்கள்.

எனக்கும் எரிச்சல்கள் உண்டு. 'குட் ஹேவ்' (could have) என்பதைக் 'குட் ஆஃப்' (could of) என்று எழுதினால் பல் கூசும். கூசட்டுமே! ஹெராயினுக்குத் தம்பியைப் பறிகொடுத்தவர், தடை அவனைக் காப்பாற்றவில்லை என்று தட்டுத்தடுமாறி நாலு வரி எழுதினால், அதிலுமா அப்பாஸ்ட்ரபி தேடுவது?

இதைவிட வயிற்றெரிச்சல் ஒன்று இருக்கிறது. இத்தனை நுணுக்கம் பார்க்கிற அதே ஆள் அடுத்த மூச்சில், "போர்ச்சுகலில்தான் எல்லாப் போதைப்பொருளையும் சட்டபூர்வமாக்கிவிட்டார்களே" என்கிறார். ஐயா, ஆக்கவில்லை. 2001இல் அங்கே செய்தது வேறு. சொந்த உபயோகத்துக்குச் சுமார் பத்து நாள் அளவுக்குள் வைத்திருந்தால் அது கிரிமினல் குற்றம் இல்லை. ஆனால் தடை தடைதான். பிடிபட்டவர் நீதிமன்றத்துக்குப் பதில் ஒரு குழுவின் முன் போய் நிற்க வேண்டும். அது சிகிச்சைக்கு அனுப்பலாம், அபராதமும் போடலாம். விற்றால் இன்றும் சிறை. உருகுவே 2013இலும் கனடா 2018இலும் கஞ்சாவுக்குச் செய்ததுதான் சட்டபூர்வமாக்குவது: யார் விளைவிக்கலாம், யார் விற்கலாம், எந்த வயதுக்குமேல் வாங்கலாம் என்று அரசே விதி வகுத்தது. இந்த இரண்டும் ஒன்றல்ல என்பது புரியாமல் இந்தப் பேச்சில் ஒரு அடிகூட நகர முடியாது. திருத்த வேண்டிய இடம் இங்கே இருக்கிறது, இவர் கண்ணோ காற்புள்ளியில் இருக்கிறது.

தடை வேண்டும் என்பவர்கள் வாய்மூடி இருக்க வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. அவர்களிடமும் வாதத்துக்குச் சரக்கு இருக்கிறது. அமெரிக்க மதுவிலக்கின் முதல் ஆண்டுகளில் குடி நன்றாகவே குறைந்தது, பிறகுதான் ஏறியது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 2020இல் மக்களே வாக்களித்து, போதைப்பொருள் வைத்திருப்பதற்கான தண்டனையைத் தளர்த்தினார்கள், 2024இல் சட்டமன்றமே அதை மாற்றி மறுபடி குற்றமாக்கிவிட்டது. எடுத்து வீசுங்கள், வாங்கிக்கொள்கிறேன். பதிலுக்கு நான், தொழிற்சாலை ஆல்கஹாலை யாரும் குடிக்கக் கூடாது என்று அமெரிக்க அரசே அதில் விஷம் கலக்கச் செய்ததையும், அதையும் குடித்து மக்கள் செத்ததையும் சொல்வேன். 1933இல் அந்த மதுவிலக்கையே ஏன் கைவிட்டார்கள் என்று கேட்பேன். நீங்கள் கோபப்படுவீர்கள், நானும் கத்துவேன். சண்டை என்றால் அது சண்டை!

அதை விட்டுவிட்டு 'யுவர்' எங்கே, 'யூ ஆர்' எங்கே என்று கிளம்புகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று: பதில் தெரியவில்லையென்றால் தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் போங்கள். அதில் இலக்கணப் பிழை இருந்தாலும் நான் கண்டுகொள்ள மாட்டேன்.