தட்டைப் பிடுங்கினால் நாய் பணியாது

"நாய் சாப்பிடும்போது தட்டை எடுத்து எடுத்து வைத்தால்தான் நம்மைத் தலைவனாக மதிக்கும்" என்று மேலே எழுதியிருக்கும் அண்ணனுக்கு: இது தவறு. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் தயவுசெய்து செய்யாதீர்கள். உறுமுவது திமிர் இல்லை, சோறு பறிபோகும் என்ற பயம். அதற்கு அடித்தால் உறுமலை மட்டும் விட்டுவிடும். அடுத்தமுறை எச்சரிக்காமலே கடிக்கலாம். நாயை அடக்கச் சொல்பவர்கள் காட்டுவது, சண்டையில் ஜெயித்த ஓநாயே கூட்டத்தை ஆளும் என்ற 'தலைவன் ஓநாய்' கருத்தை. அதைப் பரப்பிய ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச் (Mech) அவர்களே, காட்டு ஓநாய்க் கூட்டம் தாய் தகப்பனும் குட்டிகளுமான குடும்பம்தான் என்று 1999-இல் எழுதிவிட்டார்.

காரைக்குடியில் எங்கள் வீட்டுப் பின்கட்டு நாயும் அப்படித்தான் உறுமும். ஆச்சி தட்டைத் தொடவே மாட்டார்கள். தள்ளி நின்று, எலும்பில்லாத கோழித் துண்டு ஒன்றைப் போட்டுவிட்டுத் திரும்பி நடப்பார்கள், தினமும். சில வாரத்தில் ஆச்சியின் காலடி கேட்டாலே வாலாட்டியது.