முன்காச்சியின் இருட்டு, மனநோயின் இருட்டு அல்ல

ஹங்கேரிய ஓவியர் மிஹாய் முன்காச்சிக்கு மனநிலை பாதிக்கப்பட்டிருந்ததால்தான் படங்கள் இவ்வளவு கருப்பாக இருக்கின்றன என்று சிலர் நினைக்கிறார்கள். அவர் 1900-இல் ஜெர்மனியில் ஒரு மனநல விடுதியில் இறந்தது உண்மைதான். ஆனால் காலக்கணக்கு உதைக்கிறது. பாரிஸ் சலோன் என்ற ஓவியக் கண்காட்சியில் பதக்கம் வாங்கிக் கொடுத்த ‘மரண தண்டனைக் கைதியின் கடைசி நாள்’ 1870-இலேயே வந்துவிட்டது. அப்போது அவருக்கு வயது 26. நோய் முற்றியது 1890-களின் பிற்பகுதியில்.

கருப்புக்குப் பெரிய காரணம் தார். ஆமாம், ரோட்டுக்குப் போடுகிறோமே, அதே இனம்தான். அடிப்பூச்சில் அதைக் கலந்தால் புதிதில் தேன் நிறத்தில் பளபளக்கும். அன்றைய ஓவியர்கள் பலர் அதில் மயங்கினார்கள். சிக்கல் என்னவென்றால், அது முழுதாகக் காய்வதே இல்லை. வருடங்கள் போகப்போகக் கருக்கும், மேல்பூச்சை இழுத்துக்கொண்டு முதலைத்தோல் மாதிரி வெடிக்கும். இன்று நாம் பார்ப்பது அவர் வரைந்து முடித்த அன்றிருந்த படம் அல்ல. கைதியின் படத்தில் மேசைமேல் விரித்த வெள்ளைத் துணியைப் பாருங்கள், தப்பித்த வெளிச்சம் அங்கேதான் நிற்கிறது.

அப்புறம், 1880-களில் அவர் வரைந்த பாரிஸ் வரவேற்பறைப் படங்களில் பூவும் பட்டுமாக நிறம் கொட்டிக் கிடக்கிறது. அதையும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.